பால் ஸ்கீன்ஸ்: 10 ஜெயம் 10 தோல்வி, அப்புறம் எப்படிங்க பெஸ்ட் பிட்சர் அவார்டு?

தூக்கமில்லா_ராஜா:

எல்லாருக்கும் வணக்கம். நான் முழுக்க முழுக்க கிரிக்கெட் ஆளு, பேஸ்பால் பக்கம் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க. ஒரு நாள் தூக்கம் வராம யூடியூப்ல சுத்திட்டு இருந்தப்ப பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம்ல பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பிட்சர் (நம்ம பவுலர் மாதிரி) போடுற வீடியோ கண்ணுல பட்டுச்சு, 6 அடி 6 அங்குலம், மீசை, முகத்துல ஒரு சிரிப்பு கிடையாது, எதிர்ல நிக்கிறவன் பால் போனதுக்கு அப்புறம்தான் பேட்ட சுத்துறான். அன்னிலேருந்து அவரு போடுற நாள் எதுன்னு பாத்து வெச்சு பாக்குற அளவுக்கு ஆயிடுச்சு.

இப்ப எனக்கு என்ன புரியலன்னா, 2025 சீசன்ல அவரோட கணக்கு 10 வின் 10 லாஸ். பாதிக்குப் பாதி தோல்வி. ஆனா அமெரிக்காவோட பெரிய லீக்கான மேஜர் லீக்ல இருக்குற ரெண்டு பிரிவுல ஒண்ணான நேஷனல் லீக்ல அந்த வருஷத்து பெஸ்ட் பிட்சருக்கான சை யங் அவார்டு அவருக்குத்தான், அதுவும் ஓட்டுப் போட்ட 30 பேரும் முதலிடத்துல அவரு பேரத்தான் எழுதியிருக்காங்க. இது எப்படி?

இன்னொன்னு. 2024 ஜூலைல மில்வாக்கி கூட ஆடுன மேட்ச், மொத்தம் 9 இன்னிங்ஸ்ல 7 முடிச்சாச்சு, 11 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்ஸ்மேன அவுட் ஆக்குறது), ஒரு ஹிட் கூட குடுக்கல, அதாவது யாராலயும் அடிச்சு பேஸுக்குப் போக முடியல, இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் இப்படியே போட்டா நோ-ஹிட்டர், அந்த நேரத்துல வெளிய எடுத்துட்டாங்க! 99 பால் போட்டுட்டாராம். நம்ம ஊரு டெஸ்ட் மேட்ச்ல 99 பால்னா 16 ஓவர் சொச்சம், லஞ்சுக்கு அப்புறம் திரும்ப வந்து போடுவான். 22 வயசு பையனுக்கு என்ன ஆயிடப் போகுது? யாராவது பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்.


நாலாவது_ஸ்லிப்:

ராஜா ப்ரோ வாங்க வாங்க, நானும் இதே வழியா வந்தவன்தான். முதல் கேள்விய மட்டும் நான் எடுத்துக்கறேன், ரெண்டாவதுக்கு இங்க ஒரு பெரிய சண்டையே நடக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

பேஸ்பால்லயே ரொம்ப ஏமாத்துற கணக்கு இந்த பிட்சர் வின்-லாஸ் தான். ஸ்டார்ட்டரா, அதாவது மேட்ச ஆரம்பிச்சு வெக்க வர்றவரு குறைஞ்சது 5 இன்னிங்ஸ் முடிக்கணும், அவரு எறங்கும்போது டீம் லீட்ல இருக்கணும், அவருக்கு அப்புறம் புல்பென்லேருந்து வர்ற மாத்து பிட்சருங்க அந்த லீட கடைசி வரைக்கும் விடாம இருக்கணும், இது மூணும் கூடி வந்தாத்தான் அவரு பேருக்கு ஒரு வின் ஏறும். இதுல அவரு கையில இருக்கறது எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. நீங்க 20 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்கறீங்க, உங்க டீம் 45 ரன்னுக்கு ஆல் அவுட், மேட்ச் தோத்தாச்சு, அதுக்காக ஸ்கோர்கார்டுல உங்க பேருக்குப் பக்கத்துல 'தோல்வி 1'னு எழுதுனா எப்படி இருக்கும்? இங்க நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் எழுதிட்டு இருக்காங்க.

2025 மே மாசம் ஃபிலடெல்ஃபியால ஒரு மேட்ச். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ் தனி ஆளா போட்டாரு, வெறும் 3 ஹிட், 9 ஸ்ட்ரைக்அவுட், ஒரே ஒரு ரன். மாத்து பிட்சரே வராம அவரோட வாழ்க்கையிலயே தனியா முடிச்ச முதல் மேட்ச் (கம்ப்ளீட் கேம்) அது, ஹோம் டீம் லீட்ல இருந்ததால ஒன்பதாவது இன்னிங்ஸ்ல அவங்க பேட் பண்ண வேண்டியதே இல்ல. ரிசல்ட்? பைரேட்ஸ் 0-1 தோல்வி, அந்த லாஸ் அவரு தலையில. அந்த சீசன் 30 டீம்லயும் கம்மியா ரன் அடிச்ச டீம் பைரேட்ஸ்தான், 162 மேட்ச்ல 91 தோல்வி, டிவிஷன்ல கடைசி. அந்த டீம்ல இருந்துகிட்டு 10 ஜெயிச்சதே பெரிசுன்னு நான் சொல்லுவேன்.

அதனால இப்ப எல்லாரும் முதல்ல பாக்கறது ஈஆர்ஏ. 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தன ரன் குடுத்தாருங்கற கணக்கு, ஃபீல்டர் சொதப்பி வந்த ரன்ன கழிச்சுட்டுத்தான் போடுவாங்க. 4 சொச்சம்னா சாதாரணம், 3க்கு கீழ வந்தா சூப்பர். ஸ்கீன்ஸுக்கு 2024ல 1.96, 2025ல 1.97. ரெண்டாவது வருஷம் 32 மேட்ச், 187 இன்னிங்ஸுக்கு மேல, 216 ஸ்ட்ரைக்அவுட். முதல் வருஷம் நல்லா போட்டவன ரெண்டாவது வருஷம் வீடியோ பாத்து பாத்து மத்தவங்க பிடிச்சுடுவாங்க, பல பேரு அங்கதான் விழுந்திருக்காங்க, இவரு அதே இடத்துல அப்படியே நிக்கறாரு.

இவருக்கு முன்னாடியும் நடந்திருக்கு. 2010ல ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12, அவருக்கு அவார்டு, அப்ப பெரிய கூச்சலே கெளம்புச்சு. 2018ல ஜேக்கப் டிக்ராம் 10-9, ஈஆர்ஏ 1.70, அப்ப யாரும் பெரிசா வாயத் தொறக்கல. அந்த எட்டு வருஷத்துல ஓட்டுப் போடுற பத்திரிகைக்காரங்க பாக்குற விதமே மாறிப்போச்சு. இதுல காமெடி என்னன்னா சை யங்ங்கற மனுஷன் பேரே 511 வின் எடுத்ததுக்காகத்தான் நிலைச்சிருக்கு, யாராலயும் தொட முடியாத ரெக்கார்டு அது, அவரு பேர்ல இருக்குற அவார்ட 10 வின் எடுத்தவருக்கு குடுக்கறாங்க. அதிகமா தோத்த ரெக்கார்டும் சை யங் பேர்லதான் இருக்கு, 315. அத யாரும் சொல்ல மாட்டாங்க.


பழைய_கை:

தம்பி ஸ்லிப்பு, ஈஆர்ஏ எல்லாம் சரி. ஆனா 1985ல ட்வைட் குட்டன்னு ஒரு பையன் இருந்தான், 20 வயசு, 24-4, ஈஆர்ஏ 1.53. அவனும் முந்தின வருஷம் ரூக்கி அவார்டு (பெஸ்ட் புதுமுகத்துக்கு குடுக்கறது) வாங்கி அடுத்த வருஷம் சை யங் வாங்குனவன்தான், ஸ்கீன்ஸ் மாதிரியே. அவன் அந்த ஒரு வருஷத்துல 16 மேட்ச் தனியா முடிச்சான். இப்ப இருக்கற பசங்கள கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சிருக்காங்க. நோ-ஹிட்டர் போய்ட்டு இருக்கும்போது கைய தட்டி கூப்பிட்டு உக்கார வெக்கறது எந்த ஊரு நியாயம்?

நோலன் ரயன் 1974ல பாஸ்டன் கூட 13 இன்னிங்ஸ் போட்டாரு, 235 பால். கை ஒண்ணும் கழண்டு விழல. அதுக்கப்புறமும் 19 வருஷம் ஆடுனாரு, மொத்தம் 27 சீசன், 5714 ஸ்ட்ரைக்அவுட். ராஜா கேக்கறது நியாயமான கேள்வி, இவங்க யாருகிட்டயும் ஒழுங்கான பதில் கிடையாது.


முழங்கை_வைத்தியன்:

வந்துட்டாரு பெரியவரு. அண்ணே கோச்சுக்காதீங்க, நான் பிசியோ, தினமும் நாலு முழங்கையாவது பாக்கறவன், அதனால நோலன் ரயன் பேரு வந்தாலே எனக்கு கை துறுதுறுங்கும்.

நீங்க சொன்ன அதே 1974, அந்த 235 பால் மேட்ச் ஜூன்ல நடந்துச்சு. அடுத்த மாசமே, ஜூலைல, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்ல 13-3ன்னு அருமையா போய்ட்டு இருந்த ஒரு பிட்சருக்கு ஒரு பால் போடும்போது முழங்கை உள்பக்கத்துல இருக்கற தசைநார் போயிடுச்சு. அவரு பேரு டாமி ஜான். அதுவரைக்கும் அது போனா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், வீட்டுக்குப் போய் வேற வேல பாக்க வேண்டியதுதான். ஃபிராங்க் ஜோப்னு ஒரு டாக்டர் இன்னொரு கையிலேருந்து ஒரு தசைநாண எடுத்து எலும்புல ஓட்டை போட்டு கோத்து கட்டிப் பாத்தாரு, தேறுறதுக்கு ரொம்ப கம்மி வாய்ப்புதான்னு சொல்லித்தான் செஞ்சாரு. 1976ல ஜான் திரும்ப வந்தாரு, 1989 வரைக்கும் ஆடுனாரு, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 வின். இன்னிக்கு அந்த ஆபரேஷனுக்கே அவரு பேருதான்.

அதுக்கு முன்னாடி கை போனவங்க எத்தன பேருன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அவங்க பேரு வெளிய வரவே இல்ல. தப்பிச்ச ஒருத்தர மட்டும் பாத்துட்டு அந்தக் காலத்துல கை இரும்பு மாதிரி இருந்துச்சுன்னு சொல்றோம். ரயனுக்கும் அதே தசைநார்தான் கடைசில போச்சு, 1993 செப்டம்பர்ல, 46 வயசுல, அதோட சரி.

ராஜா, கிரிக்கெட்டோட ஏன் ஒப்பிட முடியாதுன்னா, நம்ம பவுலர் முழங்கைய மடக்கி நீட்டக் கூடாது, 15 டிகிரிக்கு மேல போனா த்ரோ. ஓடி வர்ற வேகமும் சேந்து பாலுக்குப் போகுது. பிட்சருக்கு ஓட்டம் கிடையாது, நின்ன இடத்துலேருந்து ஒரு அடி எடுத்து வெச்சு, இடுப்ப திருப்பி, முழங்கைய மடக்கி சாட்ட மாதிரி வீசணும். அந்த நேரத்துல முழங்கை உள்பக்கம் பிச்சுக்கிட்டு போகப் பாக்கும், அத இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கறது அந்த சின்ன தசைநார்தான், கூடவே சுத்தி இருக்கற தசை கொஞ்சம் பாரத்த வாங்கிக்கும். தசைய ஜிம்ல ஏத்தலாம், தசைநார அந்த அளவுக்கு ஏத்த முடியாது. சிக்கலே அங்கதான்.

வேகமும் அப்போ மாதிரி இல்ல. 2008ல மேஜர் லீக்ல ஃபாஸ்ட்பால் சராசரி மணிக்கு 91.3 மைல், 2024ல 94.2. ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பைல ஒரு பால் 161 கிமீ போட்டத இன்னும் பேசிட்டு இருக்கோம்ல, அது கிட்டத்தட்ட 100 மைல். ஸ்கீன்ஸ் 2024 மே 11ல சிகாகோ கப்ஸ் கூட முதல் மேட்ச் ஆடுனப்ப 84 பால்ல 17 பால் 100 மைலும் அதுக்கு மேலயும்! பழைய ஆளுங்க முக்கால்வாசி நேரம் அடக்கி வாசிச்சுட்டு கஷ்டத்துல மாட்டுனா மட்டும் முழு பலத்தப் போடுவாங்க. இப்ப முதல் பால்லேருந்தே முழு பலம். டாமி ஜான் ஆபரேஷன் ஆச்சுன்னா திரும்ப வர 12லேருந்து 18 மாசம், திரும்ப வந்தாலும் பழைய ஆளா வருவாரான்னு கேரண்டி இல்ல.

99 பால்ல எடுத்தது சரியான்னு கேட்டா, ஒரு தனி மேட்ச்ல 110 போட்டா கை போயிடும்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, அத நான் ஒத்துக்கறேன். களைச்சுப் போன கை தன்னோட ஆக்‌ஷன மாத்திக்கும், அதுதான் பயம்.


பழைய_கை:

அப்ப ஸ்டிராஸ்பர்க்குக்கு என்ன பதில்? பொத்திப் பொத்தி வெச்சாங்களே.


முழங்கை_வைத்தியன்:

அது நல்ல அடி அண்ணே, ஒத்துக்கறேன்.

தெரியாதவங்களுக்கு: ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க், 2009 டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது பசங்கள எடுத்துக்கறது) முதல் ஆளு, வாஷிங்டன் நேஷனல்ஸ். 2010 ஜூன் 8 முதல் மேட்ச்ல 14 ஸ்ட்ரைக்அவுட், எதிர் டீம் யாருன்னு பாத்தா இதே பைரேட்ஸ். மூணே மாசத்துல டாமி ஜான் ஆபரேஷன். 2012ல திரும்ப முழு சீசன் ஆடும்போது டீம் பிளேஆஃப் போகுதுன்னு தெரிஞ்சும் செப்டம்பர்ல 159 இன்னிங்ஸோட நிறுத்திட்டாங்க, நாடே அடிச்சுக்கிச்சு. 2019ல உலகத் தொடர் (ஃபைனல்) ஜெயிச்சு அதுல எம்விபி, அதாவது தொடரோட பெஸ்ட் ஆட்டக்காரர் அவருதான், சரி காப்பாத்துனது பலிச்சுதுன்னு எல்லாரும் சொன்னோம். உடனே 7 வருஷத்துக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதுக்கப்புறம் அவரால போட முடிஞ்சது மொத்தம் 8 மேட்ச். 2024ல ரிட்டையர்.

மறுபக்கம் மார்க் பிரையர். 2003ல கப்ஸ்க்கு 18-6, 245 ஸ்ட்ரைக்அவுட், 22 வயசு, ஆக்‌ஷன் அவ்ளோ அழகுன்னு கோச்சுங்க பாடமே எடுத்தாங்க. அந்த செப்டம்பர்ல 120, 130 பால்னு போட வெச்சாங்க. கடைசி மேஜர் லீக் மேட்ச் 2006ல, 25 வயசுல. பொத்தி வெச்சவரும் போனாரு, புழிஞ்சு எடுத்தவரும் போனாரு. எங்க துறையில யாராவது 'எனக்குத் தெரியும்'னு அடிச்சு சொன்னா அவர நம்பாதீங்க.


பஸ்ல_போறவன்:

எல்லாரும் கையப் பத்தியே பேசறீங்க, அந்தக் கைக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு நான் சொல்றேன், அது இன்னும் வயித்தெரிச்சல்.

ஸ்கீன்ஸ் கதையே கொஞ்சம் வித்தியாசம். கலிஃபோர்னியாக்காரர், 2002ல பொறந்தவரு, ஸ்கூல் முடிச்சுட்டு விமானப்படை அகாடமில சேந்தாரு, பைலட் ஆகணும்னு. அங்க அவரு கேட்ச்சரும் (நம்ம கீப்பர் மாதிரி) கூட, பேட்டிங்கும் நல்லா பண்ணுவாரு, பிட்சிங் ஒரு பக்கம்தான். அங்க மூணாவது வருஷம் ஆரம்பிச்சா படையில சேர்றதுக்கு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும், அதனால ரெண்டு வருஷம் முடிச்சுட்டு லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறுனாரு, பிரிய மனசே இல்லாமத்தான் வந்தாருன்னு சொல்லுவாங்க. அங்க வந்து பேட்ட ஓரமா வெச்சுட்டு முழு நேர பிட்சர் ஆனாரு, 2023 ஒரே சீசன்ல 209 ஸ்ட்ரைக்அவுட், அந்த காலேஜ் ஆடுற கான்ஃபரன்ஸோட (காலேஜ் லீக்) பழைய ரெக்கார்டு ஒடஞ்சு போச்சு, காலேஜ் சாம்பியன்ஷிப்பும் அவங்களுக்கே. அந்த வருஷ டிராஃப்ட்ல முதல் ஆளு இவரு, ரெண்டாவது ஆளு அதே டீம்ல இருந்த டிலன் க்ரூஸ், ஒரே காலேஜ்லேருந்து முதல் ரெண்டு இடமும் போனது அதுதான் முதல் தடவ.

கையெழுத்துக்கு 9.2 மில்லியன் டாலர், அப்ப அது ரெக்கார்டு. நல்ல காசுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஐபிஎல் ஏலம் மாதிரி வருஷா வருஷம் எவ்வளவு வேணா கேக்கலாம்னு நெனச்சுக்காதீங்க. டிராஃப்ட்ல எடுத்த டீம்தான் முதலாளி, வேற டீமுக்குப் போக முடியாது. மேஜர் லீக்ல மூணு வருஷ சர்வீஸ் முடியுறவரைக்கும் டீம் குடுக்கறதுதான் சம்பளம், அதுக்கு அப்புறம் மூணு வருஷம் பஞ்சாயத்து வெச்சு பேரம், ஆறு வருஷம் முடிஞ்சாத்தான் சுதந்திரம். 2025ல சை யங் வாங்குன வருஷம் அவரோட சம்பளம் 8,75,000 டாலர். அந்த வருஷ குறைஞ்சபட்ச சம்பளமே 7,60,000!

இதுல ஒரு கூத்து. அவரோட முதல் மேட்ச் சட்டையில இருந்த ஒரு ஒட்டுத் துணிய வெச்சு, கையெழுத்தும் போட்டு, சேத்து வெக்கறவங்களுக்கான பேஸ்பால் கார்டு ஒரே ஒண்ணு அச்சடிச்சாங்க. 11 வயசு பையன் ஒருத்தனுக்கு பாக்கெட் பிரிக்கும்போது அது கெடைச்சுது. பைரேட்ஸ் 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தர்றோம் குடுத்துடுன்னு கேட்டுப் பாத்தாங்க, வீட்டுல ஒத்துக்கல, ஏலத்துல 2025 மார்ச்ல 11 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அட்டைக்கு கெடைச்சது அந்த வருஷம் ஆளுக்குக் கெடைச்ச சம்பளத்த விட அதிகம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், டீமுங்களும் பிளேயர்ஸ் யூனியனும் போட்ட 2022 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்த மாதிரி இளசுங்களுக்குன்னு 50 மில்லியன் தனியா ஒதுக்கி போனஸ் குடுக்கறாங்க, சை யங் வாங்குனா அதுலேருந்து மட்டும் 2.5 மில்லியன். அதே ஒப்பந்தத்துல இன்னொரு நல்ல விதி. ஸ்கீன்ஸ 2024 ஆரம்பத்துல மேல கூப்பிடாம இண்டியானாபொலிஸ்ல மைனர் லீக்ல வெச்சிருந்தாங்க, அங்க 7 மேட்ச்ல ஈஆர்ஏ 0.99, அங்க இருந்தவங்களுக்கெல்லாம் அவரு போடுறது அநியாயமா இருந்துச்சு. 172 நாள் மேல இருந்தாத்தான் ஒரு வருஷ சர்வீஸ், மே மாசம் கூப்பிட்டா அது வராது, டீமுக்கு அவரு ஒரு வருஷம் கூட கிடைப்பாரு. பழைய தந்திரம். ஆனா ரூக்கி அவார்டு ஓட்டுல முதல் ரெண்டு இடத்துல வந்தா முழு வருஷமும் கணக்குல சேந்துடும்னு புது விதி, இவரு முதலிடத்துலயே வந்தாரு. அதனால 2029 முடிஞ்சதும் வெளிய வரலாம். அப்ப அவருக்கு வயசு 27.

அதாவது இப்பலேருந்து 2029 வரைக்கும் அந்த முழங்கை தாங்கணும். ராஜா, 99 பால்ல எடுக்கும்போது அவரே ஏன் பெரிசா சண்ட போடலன்னு இப்ப புரியுதா?

முதல் ஆளுக்கே இந்த கதைன்னா மத்தவங்கள யோசிங்க. டிராஃப்ட் 20 ரவுண்டு, 600 பேருக்கு மேல எடுக்கறாங்க, பெரும்பாலானவங்க மேஜர் லீக்ல ஒரு நாள் கூட ஆடப் போறதில்ல. ட்ரிப்பிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ) வரைக்கும் வந்தவனுக்கு 2023 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 35,800 டாலர், அது வரதுக்கு முன்னாடி இன்னும் மோசம். அதே சமயம் ஒன்பதாவது ரவுண்டுல எடுத்த டாரிக் ஸ்கூபல், காலேஜ்லயே டாமி ஜான் ஆனவரு, இப்ப அமெரிக்கன் லீக்ல தொடர்ந்து ரெண்டு சை யங், 2024, 2025. பிரையன் டெய்லர்னு 1991ல யாங்கீஸ் முதல் ஆளா எடுத்து 1.55 மில்லியன் குடுத்தாங்க, ஒரு கைகலப்புல தோள்பட்ட போச்சு, கடைசி வரைக்கும் மேல வரவே இல்ல.


தூக்கமில்லா_ராஜா:

அய்யோ நான் ஒரு சின்ன கேள்வி கேட்டேன், இவ்ளோ எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் நன்றி. மூணு தடவ படிச்சேன். அந்த 0-1 மேட்ச தேடிப் பாத்தேன், எட்டாவது இன்னிங்ஸ் முடிச்சுட்டு டக்அவுட்ல உக்காந்திருக்கறத பாத்தா நமக்கே ஒரு மாதிரி ஆகுது.

ரெண்டு சின்ன டவுட்டு. ஸ்பிளிங்கர் ஸ்பிளிங்கர்னு கமெண்டரில சொல்றாங்களே அது என்ன? இன்னொன்னு, நம்ம நாட்டு ஆளு யாராவது இங்க பிட்சரா வந்திருக்காங்களா?


நாலாவது_ஸ்லிப்:

ஸ்பிளிட்டர் பாதி, சிங்க்கர் பாதி. ஸ்பிளிட்டர்னா ரெண்டு விரல அகட்டி பிடிச்சு போடுறது, பேட் கிட்ட வந்து விழும், ஆனா பொதுவா வேகம் கம்மி. சிங்க்கர்னா வேகமா வந்து உள்பக்கமா கீழ எறங்கும். ஸ்கீன்ஸ் போடுறது 94, 95 மைல்ல வந்துட்டு ஸ்பிளிட்டர் மாதிரி விழுது. 98ல நேரா வர்ற ஃபாஸ்ட்பாலும் இதுவும் கைய விட்டு கிளம்பும்போது ஒரே மாதிரி தெரியும், எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள தாண்டிடும். டிராஃப்ட் ஆனதுக்கு அப்புறம்தான் இத கத்துக்கிட்டாரு, காலேஜ்ல இது கிடையாது. அங்க இது இல்லாமலே 209 எடுத்தாருங்கறத நெனச்சா பயமா இருக்கு.


பஸ்ல_போறவன்:

நம்ம ஆளுக்கு நான் சொல்றேன். ரிங்கு சிங், தினேஷ் படேல். ஐபிஎல்ல சிக்ஸ் அடிக்கற ரிங்கு இல்ல, இவரு வேற. ரெண்டு பேரும் உத்தரப்பிரதேசம், ஈட்டி எறியறவங்க, பேஸ்பால் கையில தொட்டதே கிடையாது. 2008ல ஒரு டிவி போட்டியில யாரு வேகமா எறியறாங்கன்னு பாத்து ஜெயிச்சு அமெரிக்கா வந்து, அந்த வருஷக் கடைசிலயே ஒரு டீம் கூட ஒப்பந்தம் போட்டாங்க. எந்த டீம்னு நெனைக்கறீங்க, இதே பைரேட்ஸ்தான்.

தினேஷ் ரெண்டு வருஷத்துல திரும்பிட்டாரு. ரிங்கு இடது கை, மைனர் லீக்ல கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிட்டு இருந்தாரு, நல்லாவும் போட்டாரு. 2013ல டாமி ஜான் ஆபரேஷன். அதுக்கப்புறம் மேட்ச் ஆடவே இல்ல, அப்புறம் மல்யுத்தத்துக்குப் போனாரு, 2024 வரைக்கும் வீர் மகான்னு டபிள்யூடபிள்யூஇல இருந்தாரு, பாத்திருப்பீங்க.


பழைய_கை:

அந்த வீர் மகான் பிட்சரா?! என் பேரன் போட்டோ வெச்சிருக்கான்யா அவரோடது.


முழங்கை_வைத்தியன்:

அடுத்த தடவ போட்டோ பாக்கும்போது இடது முழங்கை உள்பக்கம் தழும்பு தெரியுதான்னு பாருங்கண்ணே.